நண்டின் கண்ணில் என்ன இருக்கிறது? (வாசகர் கேள்வி – பதில்)

போன இதழில், ஓமோன்களைப் பற்றி என்ன கேட்க வேண்டுமோ கேளுங்கள் என்று எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குசினியிலிருந்தும் மீன் சந்தையிலிருந்தும் வந்தவை. உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்த காலத்தில் பிள்ளைகளிடம் நான் சொல்லிக்கொண்டே இருந்தது இதைத்தான்: மட்டக்களப்பில் இருக்கிறவர்களுக்கு விலங்கியல் படிக்க ஆய்வுகூடம் தேவையில்லை, காலையில் சந்தைக்குப் போனால் போதும். எல்லாக் கடிதத்துக்கும் இடமில்லை, ஏழு கடிதங்களை எடுத்திருக்கிறேன்.

*

வாழைச்சேனையிலிருந்து ஒரு மீன் வியாபாரி: “ரீச்சர், நிலவு காலத்து நண்டில் சதையில்லை, இருட்டுக் காலத்து நண்டுதான் நிறைந்திருக்கும் என்று எங்கட ஆட்கள் சொல்கிறார்கள். உண்மையா? இன்னொன்று, இறால் குஞ்சு பொரிக்கிற இடங்களில் தாய் இறாலின் ஒரு கண்ணை எடுத்துவிட்டால் கெதியாக முட்டை வைக்குமாம். கண்ணுக்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம்?”

கேள்வி இரண்டு அண்ணா, ஆனால் இரண்டுக்குமான பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. நண்டின் கண் ஒரு சின்னக் காம்பின் நுனியில் இருக்கிறதல்லவா, அந்தக் காம்புக்குள்.

முதலில் சதையைப் பார்ப்போம். நண்டுக்கு எலும்பு வெளியே. அந்தக் கோது வளராது, உள்ளே இருக்கிற உடம்பு வளரும், அதனால் ஒவ்வொரு முறையும் பழைய கோதைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று செய்துகொள்ள வேண்டும். கழற்றியவுடன் புதுக் கோது தோல் மாதிரி மெத்தென்று இருக்கும், அந்த நேரத்தில் நண்டு தண்ணீரை உள்ளே இழுத்துத் தன்னை ஊதிப் பெருப்பித்துக்கொள்கிறது, அந்தப் பெரிய அளவிலேயே கோது இறுகிவிடுகிறது. அதாவது சட்டை பெரிது, ஆள் இன்னும் சின்னது. இடைவெளி முழுக்கத் தண்ணீர். அப்புறம் சாப்பிட்டுச் சாப்பிட்டு அந்த இடத்தைச் சதையால் நிரப்பக் கிழமைக்கணக்கில் ஆகும். அதற்குள் உங்கள் கூடையில் விழுந்தால் சட்டிக்குள் ‘தண்ணி நண்டு’தான். எனவே நிலவைப் பார்த்து நண்டு வாங்குவதைவிட நண்டைப் பார்த்து வாங்குங்கள். மல்லாக்கப் பிடித்து, கால்கள் தொடங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் பெருவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் கோது கழற்றி அதிக நாளாகவில்லை. கல் மாதிரி இருந்து, கொடுக்கின் பல் தேய்ந்து, முதுகில் கொட்டலசு ஒட்டியிருந்தால் அது பழைய கோது, உள்ளே நிறைந்திருக்கும். பளபளவென்று புதுசாக, அழகாக இருக்கிற நண்டை ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

சரி, எப்போது கழற்றுவது என்று யார் சொல்வது? நண்டின் தலைப்பகுதியில் ஒரு சோடிச் சுரப்பி இருக்கிறது. அதுதான் ‘கழற்று’ என்கிற ஓமோனைச் சுரக்கிறது. ஆனால் அந்தச் சுரப்பியின் வாயைப் பொத்தி வைத்திருப்பது கண்காம்புக்குள் இருக்கிற இன்னொரு சுரப்பி. ‘பொறு, இன்னும் நேரமாகவில்லை’ என்று அது விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அது வாய்மூடினால்தான் மற்றது பேசும். 1905இலேயே செலனி என்ற ஆய்வாளர், கண்காம்பை இழந்த நண்டுகள் அடிக்கடி கோது கழற்றுவதைக் கவனித்து எழுதிவைத்தார். 1943இல் பிரெஞ்சு ஆய்வாளர் பனூஸ் இறாலில் கண்காம்பை எடுத்துப் பார்த்தபோது, முட்டை உண்டாகிற சூலகம் பெருத்தது. அதாவது அதே காம்பிலிருந்து இன்னொரு ‘பொறு’ முட்டைக்கும் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

நீங்கள் கேள்விப்பட்ட வேலை இதிலிருந்துதான் வந்தது. கறுப்பு இறால் தொட்டிக்குள் தானாக முட்டை வைக்கப் பஞ்சிப்படும், எனவே ஒரு கண்காம்பை மட்டும் நசுக்கியோ கட்டியோ வெட்டியோ விடுகிறார்கள். அத்தோடு ‘பொறு’ பாதியாகக் குறைகிறது, சில நாட்களில் முட்டை திரள்கிறது. முட்டை கண்ணில் இல்லை, தடைதான் கண்ணில் இருக்கிறது. எனக்கு இந்த முறை பிடிக்காது, அதை மறைக்கப்போவதில்லை. காம்பைத் தொட்டவுடன் இறால் வாலை அடித்துத் துள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு, அதற்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல வாய் வராது. நல்ல தீனும் நல்ல வளர்ப்பு இனமும் கொடுத்து, கண்ணைத் தொடாமலே முட்டை எடுக்கிற பொரிப்பகங்கள் இப்போது வெளிநாடுகளில் கூடிவருகின்றன. நம் பகுதியில் யாராவது புதிதாகத் தொடங்கினால் அந்த வழியைப் பாருங்கள்.

*

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு வாசகி: “இறால் உடைக்கும்போது முதுகிலிருந்து ஒரு கறுப்பு நூல் எடுக்கிறோமே, அம்மா அதை நரம்பு என்கிறார், மாமி குடல் என்கிறார். யார் சரி?”

மாமிதான் சரி. அது குடல், கறுப்பாகத் தெரிவது உள்ளே இருக்கிற சாப்பாட்டு மிச்சம். ஆனால் அம்மாவையும் விட்டுவிடாதீர்கள், நரம்பும் இருக்கிறது. அடுத்த முறை பெரிய இறாலாக ஒன்றை எடுத்து வயிற்றுப் பக்கத்தைக் கூரிய கத்தியால் மெல்லக் கீறுங்கள். நடுவே வெள்ளையாக ஒரு மெல்லிய நூல் ஓடும், கால் சோடிகளுக்கு நேரே முடிச்சு முடிச்சாக. அதுதான் நரம்பு நாண்.

இப்போது உங்கள் உடம்பை நினைத்துப் பாருங்கள். நமக்கு முண்ணாண் முதுகில், குடல் முன்னால். இறாலுக்கு நேர்மாறு. இறாலை மல்லாக்கப் போட்டால் ஒழுங்கு நம்முடையது மாதிரி வந்துவிடும்! பாரிசில் ஜெப்ருவா சென்ட் இலேர் என்ற விலங்கியலாளர் 1822இல் ஒரு சிங்க இறாலை இப்படித்தான் புரட்டிப்போட்டு, இதுவும் நாமும் ஒரே திட்டத்தின் இரண்டு பக்கம் என்றார். பலர் ஏற்கவில்லை. நூற்றெழுபது வருடம் கழித்து, 1990களில் பழ ஈயையும் தவளையையும் ஒப்பிட்டவர்கள், முதுகு எது வயிறு எது என்று முளையத்துக்குச் சொல்லிக்கொடுக்கிற புரதங்கள் இரண்டிலும் ஒன்றே என்றும் இடம்தான் தலைகீழாக இருக்கிறது என்றும் கண்டார்கள். குசினியில் தினமும் கையில் எடுக்கிற நூலுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

*

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தாய்: “எனக்குத் தைரொயிட் குறைவு, ஏழு வருடமாகத் தைரொக்சின் குளிசை குடிக்கிறேன். ஒன்பதாம் ஆண்டு படிக்கிற மகன், ‘உம்மா, வாற்பேத்தை தவளையாக மாறுவதும் இதே மருந்தால்தான்’ என்று சொல்லிச் சிரிக்கிறான். இது சரியா? எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.”

மகன் சொன்னது சரி, பயம்தான் தேவையில்லை. கெட்டிக்காரப் பிள்ளை, அவனுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

1912இல் குடர்னாட்ச் என்பவர் வாற்பேத்தைகளுக்குப் பலவித விலங்கு உறுப்புகளைத் தீனியாகக் கொடுத்துப் பார்த்தார். குதிரையின் தைரொயிட் சுரப்பியைத் தின்ற கூட்டம் மட்டும் வளர்வதை விட்டுவிட்டு, காலம் வருமுன்னே தவளையாகிவிட்டது. குட்டிக் குட்டித் தவளைகள். குதிரையின் ஓமோன் தவளைக்கு விளங்கியிருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? மூலக்கூறு ஒன்றே. உங்கள் குளிசையில் இருப்பதும் அதேதான்.

மாரிமழை விழுந்து வட்டையில் தண்ணீர் நின்றதும் வாய்க்கால் ஓரமாகக் குந்தி இருந்து பாருங்கள், மகனையும் கூட்டிக்கொண்டு. பின்னங்கால் முளைத்த வாற்பேத்தை ஒன்றைச் சிரட்டையில் அள்ளி, கொஞ்சம் பாசியோடு வைத்து நாலைந்து நாள் கவனித்தால் போதும். முன்னங்கால் வெளியே வரும், வால் நாளுக்கு நாள் குறுகும், வாய் அகலும். அந்த நாட்களில் அது ஒன்றுமே சாப்பிடாது. காரணம், உள்ளே பாசி தின்ற நீளமான குடல் சுருங்கி, பூச்சி தின்கிற கட்டைக் குடலாக மாறிக்கொண்டிருக்கிறது. வால் எங்கேயும் விழுந்துவிடுவதில்லை, உடம்பே அதைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. என்னை இன்றைக்கும் ஆச்சரியப்படுத்துகிற இடம் இதுதான். ஒரே இரத்தத்தில் ஒரே ஓமோன் ஓடுகிறது, அதைக் கேட்டு வாலின் கலங்கள் சாகின்றன, காலின் கலங்கள் பெருகுகின்றன. ஓமோன் வெறும் செய்தி. அதைக் கேட்டு என்ன செய்வது என்பது கேட்கிற கலம் ஏற்கனவே வைத்திருக்கிற முடிவு.

நாக்கு மீன் வாங்கியிருப்பீர்கள், இரண்டு கண்ணும் ஒரே பக்கம். அது குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன் மாதிரிப் பக்கத்துக்கு ஒரு கண்ணோடுதான் நீந்தும். அப்புறம் தைரொயிட் ஓமோன் கூடும்போது ஒரு கண் தலையைச் சுற்றி மற்றப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. நம் உடம்பில் அதே ஓமோன் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கவனிக்கிறது, பெரியவர்களில் உடம்பின் சூட்டையும் இதயத்தின் வேகத்தையும் பார்த்துக்கொள்கிறது. நமக்குக் கரைப்பதற்கு வால் இல்லை, எனவே குளிசை உங்களை ஒன்றுமாக மாற்றாது. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு குடியுங்கள், தேத்தண்ணிக்கும் சாப்பாட்டுக்கும் அரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், டொக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். மகன் ஆர்வத்தில் குளிசையை வாற்பேத்தைத் தண்ணீரில் போட்டுப் பார்க்க நினைத்தால் மட்டும் தடுத்துவிடுங்கள், அந்த உயிர்கள் தாங்காது.

*

ஏறாவூரிலிருந்து ஒருவர்: “புரொய்லர் கோழிக்கு ஓமோன் ஊசி போடுகிறார்கள், அதனால்தான் பெண்பிள்ளைகள் சின்ன வயதிலேயே பெரிய பிள்ளையாகிவிடுகிறார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மகளுக்குக் கோழி கொடுப்பதா விடுவதா?”

கொடுங்கள். கோழி கெதியாக வளர்வதற்குக் காரணம் ஊசி இல்லை, இனத்தெரிவு. கனடாவின் அல்பேர்ட்டாப் பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய மூன்று காலத்துக் கோழி இனங்களை ஒன்றாக வளர்த்து, ஒரே தீனைக் கொடுத்துப் பார்த்தார்கள். 56ஆம் நாளில் முதலாவது 905 கிராம், இரண்டாவது 1,808 கிராம், மூன்றாவது 4,202 கிராம். தீன் ஒன்றேதான், ஊசியும் இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பெருத்த கோழியையே தாயாகவும் தகப்பனாகவும் தெரிந்தெடுத்ததன் பலன் அது. வளர்ச்சி ஓமோன் ஒரு புரதம், தீனில் கலந்தால் முட்டை மாதிரிச் செரித்துவிடும். ஊசியாகப் போடுவதென்றால் ஆயிரக்கணக்கான கோழிக்கு ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்பப் போட வேண்டும், ஆறு கிழமையில் விற்கிற கோழிக்கு எந்தப் பண்ணைக்காரருக்கும் அது கட்டாது. கோழிப் பண்ணையில் கவலைப்பட வேண்டிய விஷயம் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைத் தேவையில்லாமல் கொடுப்பது, அது வேறு கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

பிள்ளைகள் வயதுக்கு வருவதைப் பற்றி. ஐரோப்பாவில் 1800களின் நடுவில் பெண்பிள்ளைகள் பதினாறு பதினேழு வயதில்தான் பெரியவர்களானார்கள். 1900களின் நடுவில் அது பதின்மூன்றளவுக்கு வந்துவிட்டது. புரொய்லர் கோழி பரவுமுன்னே நடந்த மாற்றம் அது. சாப்பாடு கூடியது, சின்ன வயது நோய்கள் குறைந்தன. உடம்புக் கொழுப்பு லெப்டின் என்ற ஓமோனைச் சுரக்கிறது (1994இல் கண்டுபிடித்தார்கள்). ‘சேமிப்பு போதும்’ என்று மூளைக்குச் சொல்வது அதுதான், அதைக் கேட்டுத்தான் மற்றவை அசையத் தொடங்குகின்றன. கறியைவிடச் சோடாவையும் பொரியலையும் குறைத்து, பின்னேரத்தில் ஓடி விளையாட விடுங்கள். எட்டு வயதுக்கு முன்னமே மார்பு வளரத் தொடங்கினால் கட்டாயம் டொக்டரிடம் காட்டுங்கள்.

*

கல்லடியிலிருந்து ஒரு இளைஞர்: “மட்டக்களப்பை மீன்பாடும் தேன்நாடு என்கிறோம். உண்மையிலேயே மீன்தான் பாடுகிறதா, அல்லது வாவியில் இருக்கிற ஊரி நத்தையா? மீன் ஏன் பாட வேண்டும்?”

தம்பி, நான் வளர்ந்ததும் கல்லடியில்தான். முழுநிலவு இரவில் பழைய பாலத்துப் பக்கம் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்கச் சொல்லி அப்பா காட்டித் தந்தார். முதலில் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் மூச்சை அடக்கியிருந்தால் துடுப்புத் தடி வழியாக மெல்லிய ‘ம்ம்’ என்ற ஒரு அதிர்வு, அப்புறம் வேறொரு சுருதியில் இன்னொன்று. இன்றைக்கும் அந்தத் தடியின் குளிர் காதில் இருக்கிறது.

இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ற் 1848இல் இங்கே வந்து இரவில் தோணியில் போய்க் கேட்டுவிட்டு, ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் வருகிற ஒலி மாதிரி என்று எழுதினார். அவருக்கு மீனவர்கள் எடுத்துக் காட்டியது மீனை இல்லை, ஊரியை. யார் பாடுவது என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. என் மனம் மீன் பக்கம்தான் சாய்கிறது, காரணம் உடலமைப்பு. ஊரிக்குக் கோது இருக்கிறது, தசைப்பாதம் இருக்கிறது, அரம் போன்ற நாக்கு இருக்கிறது, ஆனால் நீளமாக இழுத்து முழங்க ஒரு பறை இல்லை. எலும்பு மீன்களில் பலவற்றுக்கு வயிற்றுக்குள் காற்றுப்பை இருக்கிறது, அதன் மேல் தசை படிந்து அடித்தால் உடுக்கு ரெடி.

ஏன் பாட வேண்டும் என்றீர்கள். அமெரிக்காவின் மேற்குக் கரையில் மிட்சிப்மன் என்றொரு மீன். ஆண் மீன் கல்லுக்கு அடியில் கூடு வைத்து, பெண் வரும்வரை இரவில் ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட விடாமல் முரலும். கலிபோர்னியாவின் சோசலிற்றோவில் படகுவீடுகளில் இருந்தவர்கள் 1980களில் இந்தச் சத்தத்தால் தூக்கமில்லாமல் தவித்து, ஏதோ இயந்திரம் என்று நினைத்து விசாரித்திருக்கிறார்கள். அந்த மீனில் கண்டது இது: இனப்பெருக்கக் காலத்தில் பெண்ணின் இரத்தத்தில் ஈஸ்திரோஜன் கூடும்போது அதன் காதே மாறி, ஆண் பாட்டின் மேல்சுருதிகளை நன்றாகக் கேட்கத் தொடங்குகிறது. குளிர்காலத்துப் பெண் மீனுக்கு அந்த ஓமோனைக் கொடுத்தால் அதற்கும் கோடைகாலத்துக் காது வந்துவிடுகிறது. 2004இல் வெளிவந்த ஆய்வு அது. ஆணுக்கு இரவில் பாடச் சொல்வது மெலற்றோனின், நமக்கு இருட்டியதும் தூக்கத்தைக் கொண்டுவருகிற அதே ஓமோன். நாம் தூங்குகிறோம், அது பாடுகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், உங்கள் வீட்டுக்குக் கொடுவா வருமல்லவா. கொடுவா பெரும்பாலும் ஆணாகத்தான் முதலில் முதிரும். சில வருடம் ஆணாக இருந்துவிட்டு, முக்கால் மீற்றரைத் தாண்டி வளர்ந்த பிறகு பெண்ணாக மாறிவிடும். ஆண் ஓமோனிலிருந்தே பெண் ஓமோனைச் செய்கிற நொதியம் ஒன்று இருக்கிறது, அது வேலை செய்யத் தொடங்கியதும் ஆணின் விந்துச் சுரப்பி சூலகமாகிறது. களவா இதற்கு எதிர், முதலில் பெண், பிறகு ஆண். எனவே முகத்துவாரத்தில் பெரிய கொடுவாவாகவே பார்த்துப் பிடித்தால் நாம் தாய்களை மட்டும் பிடிக்கிறோம், இது நம் வாவியில் வலை வீசுகிற ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டியது. 

*

சம்மாந்துறையிலிருந்து உயர்தர மாணவி ஒருவர், துண்டுபட்ட உடல் இருப்பதால் நண்டுக்கு மண்புழுதானே நெருங்கிய சொந்தம் என்று கேட்டிருக்கிறார். பழைய பாடப்புத்தகம் அப்படித்தான் சொன்னது மகள். 1997இல் மரபுப்பொருளை ஒப்பிட்ட பிறகு கோது கழற்றுகிறவை எல்லாம் ஒரு பெருங்குடும்பமாகின, அதில் நண்டுக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தது வயிற்றுப் பூச்சி (வட்டப்புழு). மண்புழு ஊரியின் பக்கம் போய்விட்டது.

*

கல்குடாவிலிருந்து சுழியோடுகிற ஒருவர்: “கல்லுக்குள் ஒரு பேய்க்கணவாய் (ஒக்டோபஸ்) முட்டைகளைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தது. நண்டைக் கிட்ட வைத்தும் தொடவில்லை. இரண்டு மூன்று கிழமை கழித்துப் போனபோது செத்துக் கிடந்தது. நோயா?”

நோயில்லை தம்பி, அது அவற்றின் தாய்மை. முட்டைகளைக் கல்லின் கூரையில் சரம்சரமாகக் கட்டி, அழுக்குப் படியாமல் கையால் தடவி, தண்ணீரைப் பீச்சிப் பீச்சிக் காற்றோட்டம் கொடுத்தபடியே இருக்கும், சாப்பிடாது, பொரிக்கிற நேரத்தில் செத்துவிடும். 1977இல் வொடின்ஸ்கி என்ற ஆய்வாளர், முட்டை வைத்த தாய்களின் கண்களுக்குப் பின்னால் இருக்கிற சின்னச் சுரப்பி இரண்டையும் எடுத்துப் பார்த்தார். அவை முட்டையை விட்டு எழும்பின, திரும்பச் சாப்பிடத் தொடங்கின, உடம்பு தேறிப் பல மாதம் கூடுதலாக வாழ்ந்தன. தாயைப் பட்டினி போட்டுக் கொல்வது அந்தச் சுரப்பிதான். நண்டுக்கும் கண்காம்பில், கணவாய்க்கும் கண்ணுக்குப் பின்னால் என்பதைக் கவனியுங்கள், நெருங்கிய சொந்தமில்லாத இரண்டு உடம்புகள், இடம் மட்டும் ஒன்றாக அமைந்துவிட்டது.

இன்னொருமுறை இறங்கினால் அந்தக் கல்லின் கூரையை டோர்ச் அடித்துப் பாருங்கள். முட்டைச் சரங்கள் வெறும் உறையாக, தண்ணீரில் தொங்கிக்கொண்டு, நுனி திறந்திருந்தால் எல்லாம் பொரித்துப் போய்விட்டன.